அடியில் பிடிக்கிற ஆள்

வீடுகளை எல்லாரும் வாசல் பக்கமிருந்து பார்ப்பார்கள். நான் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறவன். குழாய் வேலை. எந்த வீட்டில் எண்ணெய் தாராளம், எந்த வீட்டில் மிச்சச் சோற்றை மாமியாருக்குத் தெரியாமல் தண்ணீர் விட்டுத் தள்ளுகிறார்கள், தொலைந்துபோன தோடு எங்கே கிடக்கிறது, அதற்கு யார் மேல் பழி விழுந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டேன். ஆனால் எங்கள் தெருக் கடைசி வீட்டுச் சமையலறையில் அன்று பார்த்ததை மட்டும் எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

அது ஒரு தச்சரின் வீடு. அவரை எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் குடிகாரர் போலிருக்கிறது என்று ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பாவம், டீயைத் தாண்டாத மனிதர். எதை அளந்தாலும் மில்லிமீட்டரில் அளப்பார், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். விருந்துக்குப் போனால்கூட மேஜை ஒரு மில்லி சாய்ந்திருக்கிறது என்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் பாதிச் சமையலறை அவர் கைவேலை. அவர் மேடை போட்டு முடித்ததும் நான் போய்க் குழாய் மாட்டுவேன். இப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

சமையல் மேடைக்கு நீளமாக ஒரே பலகை வரும். உள்ளே அழுத்திய மரத்தூள், மேலே வழவழவென்று மைக்கா. அதன் நடுவில் சிங்க் உட்கார ஓட்டை வெட்ட வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஒரு விரல் அகலம் தப்பினால் அத்தனை நீளமும் அடுப்புக்குத்தான். கோட்டில் சரியாகப் போனாலும், கை அழுத்தினால் மைக்கா முட்டை ஓடு மாதிரிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பெரிய கண்டம் கடைசியில் இருக்கிறது. நாலு பக்கமும் வெட்டு முடியும் நேரத்தில் நடுத்துண்டு தன் கனத்தில் தொங்கி, கடைசி மூலையைப் பிய்த்துக்கொண்டு விழப் பார்க்கும். அதனால் அடியில் ஓர் ஆள் அலமாரிக்குள் படுத்து அந்தத் துண்டை உள்ளங்கைகளால் தாங்க வேண்டும்.

வாள் மெஷினின் பிளேடு பலகையைத் தாண்டி அடியில் நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். மேலே இருப்பவருக்குக் கீழே உள்ள கை தெரியாது. கீழே இருப்பவருக்கு மேலே உள்ள கோடு தெரியாது. அதற்கு மில்லி அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்குமுன் அந்தப் பக்கத்தில் விரல் கணுவால் இரண்டு தட்டு. கீழே இருப்பவர் அங்கிருந்து கையை எடுத்துவிட்டு, பதிலுக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு. பதில் வந்தால்தான் மெஷின் ஓடும்.

ஒரே ஒரு நாள் அவர் தட்டவில்லை. வேலை நடந்த வீட்டுக்காரர் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்க, இவர் பதில் சொல்லிக்கொண்டே மெஷினை அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். அடியில் படுத்திருந்தவன் மில்லி அண்ணனுடைய மனைவியின் தம்பி. வலது கையில் நடுவிரல் முழுசாகவும் ஆள்காட்டி விரல் பாதியும் போயிற்று.

தம்பிக்காரன் அதையும் சிரிப்பாக்கிவிட்டான். தனக்குத்தானே எட்டரை என்று பெயர் வைத்துக்கொண்டான். இப்போது சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான், எட்டரை என்றால்தான் தெருவில் தெரியும். மில்லி அண்ணனால்தான் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கே மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலைக்குப் போனார். வீட்டில் ஒரு கதவுத் தாழ்ப்பாள் ஆடினாலும் தொடமாட்டார். அப்படியே கிடந்ததில் அவர்கள் வீட்டுச் சிங்க்கைச் சுற்றிப் பூசியிருந்த பசை விட்டுப்போய், தண்ணீர் உள்ளே இறங்கி, பலகை ஊறி உப்பிப் பொரிந்துவிட்டது. சிங்க் ஒரு பக்கம் அமுங்கி விழப்போகிற நிலையில் நான்தான் போய்க் கழற்றிக் குழாயை அடைத்தேன். அதிலிருந்து அண்ணி கொல்லைக் குழாயடியில் குடை பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சட்டி. டீக்கடைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவர், பாத்திரத்துக்குக் கணக்கேது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு நாள் அந்தக் குழாயடியில் வைத்து நானே கேட்டேன். "வேற யாரையாவது வெச்சு ஒரு பலகை போட்டுக்கலாமே அண்ணி?"

"போட்டுக்கலாம். சிங்க் வந்துடும். மனுஷன்?" என்றார். "அந்தப் பலகை மாதிரியே இவரும் உள்ளுக்குள்ள ஊறிப் போய்க்கிட்டு இருக்கார், குழாய்க்காரரே. ராத்திரி தூக்கத்துல கட்டில் சட்டத்தைத் தட்டறார். ரெண்டு தட்டு. தட்டிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கார். பதில் வரலேன்னா உடம்பெல்லாம் வேர்த்துப் போகுது."

"ஐயோ! நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல பயந்துபோய் எழுப்பினேன். எழுந்தா விடியிற வரைக்கும் உக்காந்திருப்பார். அப்புறம் ஒரு நாள் என்ன தோணுச்சோ, நானும் ரெண்டு தட்டு தட்டினேன். அப்பாடான்னு புரண்டு படுத்தார். அதுலேருந்து அதான் வழக்கம். அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு லீவு விட்டிருந்த ஒரு நாள், நசநசவென்று தூறல். எட்டரை தன் வண்டியில் ஒரு பலகையைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்து இறக்கினான். சாம்பல் நிறம், முன் ஓரம் உருண்டு வழவழப்பாக. ஒரு முனையை நான் பிடித்தேன், ஒரு முனையை அவன் பிடித்தான். முன் அறையில் மில்லி அண்ணன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பலகை தன்னைத் தாண்டிப் போகும்போது தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் உரிக்கிற கத்தி நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

பழைய பலகையைப் பெயர்த்து வெளியே போட்டோம். புதியதை அலமாரிகள் மேல் வைத்துத் தள்ளிச் சேர்த்தோம். அண்ணி எங்களுக்குச் சூடாக ரொட்டியும் வதக்கிய வெங்காயமும் கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டோம். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு எட்டரை சிங்க்கைக் கவிழ்த்துப் பலகையின் மேல் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். பரணிலிருந்து போர்வை மூட்டையை இறக்கினான். முன் அறைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான்:

"அக்கா, கோடு போட்டாச்சு. இதுலயே வெட்டிட வேண்டியதுதான்."

"வெட்டுடா, யாரு வேண்டாம்னா."

முன் அறையில் கத்தி தட்டில் விழும் சத்தம் கேட்டது. மில்லி அண்ணன் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். கையில் பாதி உரித்த கிழங்கு.

"எந்தக் கோட்டுல?"

"இந்தக் கோட்டுலதான் மாமா."

"அந்தக் கோட்டுல வெட்டினா சிங்க் எதுமேல உக்காரும்? காத்துலயா? நேரா கீழ வந்து உன் கால்மேல உக்காரும். விளிம்பு தாங்கறதுக்கு உள்ள தள்ளி வெட்டணும்னு தெரியாது? எத்தனை வருஷம்டா என்கூட வந்தே?"

"மறந்துடுச்சு மாமா. விரலோட அதுவும் போயிடுச்சு போல."

அண்ணி குனிந்து அடுப்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் அவரோடு வேலை செய்தவன் அந்தக் கோட்டைத் தப்பாகப் போடுவானா? தூண்டிலில் புழு கோத்த மாதிரி, அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு தப்புக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எதைக் காட்டினாலும் அந்த மனிதர் எழுந்து வந்திருக்க மாட்டார்.

அவர் கிழங்கை என் கையில் திணித்தார். பென்சிலை வாங்கினார். அதன் பிறகு எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. அளவு டேப்பை நீட்டினார், சுருட்டினார், சுவரிலிருந்து அளந்தார், அலமாரிச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பெரிய கோட்டுக்குள் ஒரு சின்னக் கோடு. அதன்மேல் கத்தியால் ஸ்கேல் வைத்து மைக்காவை மட்டும் கீறினார். வாள் படும் இடத்துக்குச் சில்லு தெறிக்காமலிருக்கக் காகித டேப் ஒட்டினார். டேப்பைத் தேய்க்கிறபோது அவருடைய கட்டைவிரல் போன வேகத்தைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. அத்தனை நாள் ஆணி நிறுத்த கை அது. டிரில்லால் நாலு மூலையிலும் துளை போட்டார். மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அண்ணி டீக்கடைகளுக்கான ரொட்டியை அடுப்புக்குள் வேக வைத்துவிட்டு வந்தார்.

எல்லாம் முடிந்து மெஷின்தான் பாக்கி. போர்வையைப் பிரித்தார். கையில் எடுத்தார். முதல் துளைக்குள் பிளேடை இறக்கியவர் அப்படியே நின்றார். பிளேடு துளையின் ஓரத்தில் பட்டுப் பட்டுப் படபடவென்று சத்தம் வந்தது. மெஷின் ஓடவில்லை. அது அவர் கை நடுங்குகிற சத்தம்.

மெஷினை வெளியே எடுத்து மேடைமேல் வைத்தார்.

"மாப்ள, ஒரு நீளக் கட்டை எடு. நடுத்துண்டு மேல குறுக்க வெச்சு ஸ்குரூ அடிச்சிடலாம். துண்டு கட்டையில தொங்கும். அடியில ஆள் வேண்டாம்."

"ஸ்குரூ அடிக்கக் கூடாது" என்றார் அண்ணி.

"ஏன்?"

"அந்தத் துண்டு எனக்கு வேணும். மாவு உருட்டறதுக்குப் பலகை இல்லாம மேஜைமேல உருட்டிக்கிட்டு இருக்கேன். ஓட்டை போட்டா ஓட்டையில மாவு அடைஞ்சு நாறும்."

"வேற பலகை வாங்கித் தரேன்."

"எனக்கு இதான் வேணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணி, அடியில டப்பாவை அடுக்கி முட்டுக் கொடுத்தாலும் போதுமே" என்றேன்.

"குழாய்க்காரரே, உங்க வேலை இதுக்கு அப்புறம்தான். கிழங்கை உரிங்க."

வாயை மூடிக்கொண்டேன். எட்டரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நான் படுக்கறேன் மாமா, பழகின இடம்தானே" என்று அலமாரிக் கதவைத் திறந்தான்.

"தொட்டே, கொன்னுடுவேன்!" என்று மில்லி அண்ணன் போட்ட சத்தத்தில் நான் கிழங்கைக் கீழே போட்டுவிட்டேன். அத்தனை நாளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "உன் கையை மறுபடி அங்க வைக்க மாட்டேன். யார் கையையும் வைக்க மாட்டேன். பலகையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

அண்ணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். தரையில் உட்கார்ந்தார். தம்பியை முழங்கையால் நகர்த்திவிட்டு, தலையைக் குனிந்து அலமாரிக்குள் நுழைந்து, அங்கே நான் அடைத்து வைத்திருந்த குழாய்க்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழேதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏய்! எழுந்து வா வெளிய."

"வரமாட்டேன்."

"விளையாட்டு இல்ல இது. கை போயிடும்."

"அதான் தட்டுவீங்களே."

"தட்டாம விட்டேனே ஒரு தடவை! உன் தம்பி கைய பாரு!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் தினமும். அவனுக்குச் சோறு போடறப்பல்லாம் பாக்கறேன்." உள்ளேயிருந்து வந்ததால் குரல் பானைக்குள் பேசுவது போல இருந்தது. "ஒரு தடவை தட்டல. அதுக்கு முன்னாடி எத்தனை தடவை தட்டியிருப்பீங்க? அதெல்லாம் எங்க போச்சு? அதை யாரும் எண்ணலியா?"

அவர் எட்டரையின் கையைப் பார்த்தார்.

"ரொட்டி சுடற கைங்க இது. இதுவும் போச்சுன்னா நம்ம வீட்டுல அடுப்பு எரியாது. எனக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான் படுத்திருக்கேன். வெட்டுங்க. முதுகு வலிக்குது."

நான் எத்தனையோ பேர் பக்தியைப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேர் வீரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, கண்ணுக்குத் தெரியாத வாளுக்கு அடியில் வைத்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எட்டரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மில்லி அண்ணன் போர்வைக்குள் கையை விட்டுத் தன் பழைய கண்ணாடியை எடுத்தார், தூசு படாமல் வேலை செய்யும்போது போடுகிற பெரிய கண்ணாடி. குனிந்து அலமாரிக்குள் நீட்டினார்.

"இதைப் போட்டுக்கோ. தூள் விழும்."

அது போதும். ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிளேடைத் துளைக்குள் இறக்கினார். படபடவென்று மறுபடியும் அதே சத்தம். இடது கையை மடக்கி, முன்பக்கக் கோட்டின்மேல் தட்டினார்.

டக், டக்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே புடவை உராயும் சத்தம். பிறகு அடியிலிருந்து வந்தது பதில். அண்ணியின் விரலில் ஒரு மோதிரம் உண்டு. கணுவோடு சேர்ந்து அதுவும் படும். மரமும் உலோகமும் கலந்த சத்தம், முதல் தட்டு சட்டென்று, இரண்டாவது கொஞ்சம் நிதானமாக.

டக். டக்.

மில்லி அண்ணனின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மில்லி பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதர். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், இருட்டில் தெரிந்தவர் குரல் கேட்டால் தலையைத் திருப்புவோமே, அப்படித் தலையைத் திருப்பினார். பலகையைப் பார்த்தார். மறுபடி தட்டினார், தேவையே இல்லாமல். மறுபடி பதில் வந்தது. சட்டென்று ஒன்று, நிதானமாக ஒன்று.

துளைக்குள் படபடப்பு நின்றிருந்தது.

மெஷின் ஓடியது. அந்தச் சின்ன அறைக்குள் அது யானை பிளிறின மாதிரி இருந்தது. காகித டேப்புக்கு நடுவில், கத்திக் கீறலின் உள்ளோரமாக, பிளேடு நூல் பிடித்தாற்போல நகர்ந்தது. அவர் தள்ளவில்லை, கூடவே நடந்தார், அவ்வளவுதான். மூலை வந்ததும் நிறுத்தினார். அடுத்த பக்கம். தட்டு. பதில். வெட்டு. எரிந்த மரத்தின் வாசனையும் மைக்காவின் காட்டமும் மூக்கில் ஏறின. தூள் அண்ணியின் காலடிவரை பறந்து படிந்தது. அந்தக் கால்கள் அசையவே இல்லை. நான் மூச்சு விட மறந்து, நினைவு வந்தபோது மொத்தமாக விட்டேன்.

கடைசிப் பக்கம். அன்றைக்கும் இந்தப் பக்கத்தில்தான் எட்டரையின் விரல் போனது. மில்லி அண்ணன் நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்டுவிடப் போகிறார்களோ என்று எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். நாங்கள் ஏன் வாயைத் திறக்கப்போகிறோம். தட்டினார். பதில் வந்தது. பிளேடு போகப் போக நடுத்துண்டு லேசாக அசைந்தது, ஆனால் இறங்கவில்லை. அடியில் அது தாங்கப்பட்டிருந்தது. கடைசி மூலைத் துளையைப் பிளேடு தொட்டதும் சத்தம் வேறு மாதிரி ஆகி, ஓய்ந்தது.

மெஷினை அணைத்தார். துண்டு மெதுவாக, தண்ணீரில் அமிழ்கிற மாதிரி, நேராகக் கீழே இறங்கிப் போயிற்று. ஒரு மூலையிலும் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

"ஓரம் சுடுதுங்க" என்றது உள்ளேயிருந்து குரல். "இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்த ரொட்டி மாதிரி."

ஓட்டை வழியாக ஜன்னல் வெளிச்சம் அலமாரிக்குள் விழுந்தது. நானும் கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் அண்ணியின் முகம். தலைமுடி, புருவம், கழுத்து எல்லாம் மரத்தூள். பெரிய கண்ணாடி. நெஞ்சுமேல் அந்தத் துண்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது கும்பிடத்தான் தோன்றியது.

மில்லி அண்ணன் மேடைமேல் கவிழ்ந்து, ஓட்டைக்குள் தலையை விட்டார்.

"ராத்திரியில தட்டறது நீயா?"

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கண்ணாடி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"வேற யாரு, குழாய்க்காரரா வந்து தட்டுவார்?"

"கனவுன்னு நெனச்சேன்" என்றார் அவர். "உள்ள இருக்கறவன் பதில் சொல்லிட்டான்னு நெனச்சுத் தூங்கிடுவேன்."

"தூங்கினீங்கல்ல. அது போதும். இப்ப தூக்கி விடுங்க, அடுப்புல ரொட்டி கிடக்கு."

அவர் தூக்கி விடவில்லை. ஓட்டை வழியாக இரண்டு கையையும் உள்ளே நீட்டி, துண்டைப் பிடித்திருந்த அண்ணியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தடவினார், நகத்திலிருந்து கணு வரைக்கும், அளவெடுக்கிற மாதிரி. முடித்துவிட்டு மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார். அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசனை வந்தது. எட்டரைதான் போய் அணைத்தான். திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, குரல் பிசிறக் கேட்டான்.

"மாமா, பத்தும் இருக்கா?"

மில்லி அண்ணன் தலையை வெளியே எடுக்கவில்லை.

"இருடா. இன்னும் எண்ணி முடிக்கல."